தம்பியின் வயலின்

கச்சேரி மேடையில் வயலின் வித்வான் தம் வாத்தியத்தை வைத்திருக்கும் விதத்தைச் சற்று உற்றுப் பார்ப்போம். சம்மணமிட்டு அமர்ந்தவர் வலது காலைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, கணுக்காலை ஒட்டிய பள்ளத்தில் வாத்தியத்தின் சுருள் தலையைப் பொருத்தியிருக்கிறார். அடிப்பகுதி மார்புக்கும் தோளுக்கும் நடுவே அணைந்து நிற்கிறது. இரண்டு முனையும் உடம்பிலேயே ஊன்றிக்கொண்டதால் இடக்கைக்குத் தாங்கும் வேலை இல்லை. தேங்காய் எண்ணெய் தொட்ட விரல்கள் தந்தியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வழுக்கிக்கொண்டு போகலாம், திரும்பலாம், நடுவில் நின்று அசையலாம். நான்கு தந்திகளும் சட்ஜமம், பஞ்சமம், மறுபடி சட்ஜமம், மறுபடி பஞ்சமம் என்று பாடகரின் சுருதிக்கு இறங்கி வந்திருக்கின்றன. ஐரோப்பியர் நின்றுகொண்டு தாடைக்கடியில் இடுக்கி வாசிக்கும் அதே மரம்தான். இழைத்த விதத்திலும் பூசிய வார்னிஷிலும் வித்தியாசம் கிடையாது. மாறியதெல்லாம் அது உட்கார்ந்த இடம்.

கேட்கிற நமக்கு இது வேற்று நாட்டுச் சரக்கு என்ற நினைப்பே வருவதில்லை. கோயில் திருவிழாவில், கல்யாண வரவேற்பில், மார்கழி சபாவில் பிடில்காரர் இல்லாமல் பாட்டுக் கச்சேரி உண்டா? வீணையைவிட அது நமக்கு நெருங்கிவிட்டது. வீணை பூஜையறைப் படத்தில் சரஸ்வதியின் மடியில் இருக்கிறது. வயலின் நம் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கையில் இருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று முன்புவரை நம் சங்கீதத்தில் இடமே இல்லாதிருந்த ஒன்று இவ்வளவு உரிமையோடு நம் நடுவில் உட்கார்ந்திருப்பதை நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். கேட்டுப் பார்ப்பதில் பயன் உண்டு. பிறரிடமிருந்து எதைப் பெறலாம், எப்படிப் பெறலாம், பெற்றபின் நாம் நாமாகவே இருக்க முடியுமா என்பவை சங்கீதத்துக்கு மட்டும் உரிய கேள்விகள் அல்லவே.

அந்தக் கேள்விகளுக்குப் பதிலைத் தம் விரல்களால் தேடிய ஒருவர் உண்டு. பெயர் பாலுஸ்வாமி தீட்சிதர், 1786இல் பிறந்தவர். தந்தை ராமஸ்வாமி தீட்சிதர், ஹம்சத்வனி ராகத்தை நமக்குத் தந்தவர். மூத்த அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதர், சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவர். நடு அண்ணன் சின்னஸ்வாமி. இத்தகைய வீட்டில் கடைக்குட்டியாகப் பிறப்பது என்னவென்று யோசித்துப் பார்க்கலாம். கண் விழித்த நாள்முதல் தமக்கு முன்னால் ஒருவர் நடந்துகொண்டிருக்கிறார்; அவர் கால் பட்ட இடமெல்லாம் பாதையாகிவிடுகிறது; தமக்கென்று ஒரு அடி வைக்க மண் மிச்சம் இருக்கிறதா என்பதே சந்தேகம்.

திருவாரூரில் இருந்த குடும்பம் சென்னையை அடுத்த மணலிக்குப் போனது. கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த முத்துக்கிருஷ்ண முதலியாரும், அவருக்குப் பின் அவர் மகன் சின்னய்யா முதலியாரும் ஆதரித்தார்கள். முதலியார் வீட்டாருக்குக் கோட்டையில் செல்வாக்கு இருந்தது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பாண்டு முழங்கும்போது சகோதரர்களை அழைத்துப் போய்க் கேட்க வைத்தார்கள். ஒரே ஓசை, ஒரே காற்று. ஆனால் அதைக் கேட்ட இரண்டு சகோதரர்கள் இரண்டு விதமாகத் திரும்பி வந்தார்கள். அண்ணன் மெட்டுகளை எடுத்துக்கொண்டார். ஆங்கிலேயரின் ராஜ வாழ்த்துப் பாட்டு உட்படப் பல மேற்கத்திய மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருத சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரம் என்று நாற்பதுக்கு நெருக்கமான உருப்படிகள் இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்படுகின்றன. தம்பி மெட்டுகளை அங்கேயே விட்டுவிட்டார். அவர் கண் போனது வாத்தியத்தின் மேல்.

முதலியார் வீட்டார் ஐரோப்பியர் ஒருவரைச் சம்பளம் கொடுத்து அமர்த்தி, பாலுஸ்வாமிக்கு மூன்று ஆண்டுகள் வயலின் கற்றுக்கொடுக்கச் செய்தார்கள் என்று தீட்சிதர் குடும்பத்து வரலாறு சொல்கிறது. இந்த மூன்று ஆண்டுகளின் மேல்தான் நம் சிந்தனை தங்க வேண்டும். வீணை, ஸ்வரபத், சிதார், மிருதங்கம் என்று பல வாத்தியங்களில் கைதேர்ந்த பெரிய சங்கீதக் குடும்பத்து இளைஞர், சுரம் தெரியாத சிறுவனைப் போல, பாஷை வேறு, ஆசாரம் வேறு, சங்கீதமே வேறு என்றிருந்த ஒருவர் முன்னால் வில்லை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து தொடங்கியிருக்கிறார். வில் தந்தியில் பட்டதும் எழும் அந்த முதல் கரகரப்பை நாம் எல்லோரும் யார் வீட்டிலாவது கேட்டிருப்போம். பக்கத்து அறையில் இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொள்ளும் சத்தம் அது. காதில் தேர்ந்த இசை நிறைந்திருக்கும் ஒருவருக்குத் தம் கையிலிருந்தே அந்தக் கரகரப்பு வருவது எத்தனை கூச்சமாக இருந்திருக்கும்! ஒன்றும் தெரியாதவனுக்கு ஆரம்பப் பாடம் சிரமமில்லை. நிறையத் தெரிந்தவன் மறுபடி ஆரம்பப் பாடத்தில் போய் உட்காருவதற்குத்தான் மனம் இடம் கொடுப்பதில்லை. அறிவு வளர வளரக் குனிவதற்கு நாணும் இயல்பு நம் எல்லோரிடமும் உண்டு. ஐம்பது வயதில் பேரக்குழந்தையிடம் கைப்பேசியைக் காட்டி ஒன்றைக் கேட்கும்போது நம் குரலில் வரும் அந்தப் போலி அலட்சியம் இதே நாணத்தின் சிறிய வடிவம்தான்.

அவர் தேர்ந்த வாத்தியமும் அவருடைய பணிவுக்கு ஏற்றதாகவே அமைந்தது. வீணையில் 24 உலோக மெட்டுகள் மெழுகில் பதிக்கப்பட்டிருக்கின்றன. சுரம் எங்கே இருக்கிறது என்று அவை விரலுக்குச் சொல்லிவிடும். வயலின் பலகையில் மெட்டு கிடையாது. கறுத்த, வழவழப்பான, அடையாளமற்ற பலகை. எந்த இடத்தில் விரல் வைத்தாலும் ஏதோ ஒரு ஓசை வரும். அது சுரமா அபசுரமா என்று தீர்மானிப்பது வாசிப்பவரின் காது. தன்னிடம் எந்த ராகத்தையும் முன்கூட்டியே வைத்துக்கொள்ளாததால்தான் அதனால் தோடியின் காந்தாரத்தையும் சஹானாவின் குழைவையும் ஏற்க முடிந்தது. ஆர்மோனியமும் இதே கடல் தாண்டித்தான் வந்தது. அதன் கட்டைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுரத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இரண்டு சுரங்களுக்கு நடுவே உள்ள அசைவுக்கு அங்கே வழியில்லை. 1940 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அகில இந்திய வானொலி அதை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது. அந்தத் தடையை நான் நியாயம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் கேட்டவர்கள் ஆர்மோனியப் பின்பாட்டை அத்தனை எளிதில் தள்ளிவிட மாட்டார்கள். ஆனாலும் ஒன்று புலப்படுகிறது. நிறைய வைத்திருப்பது எங்கும் பலமாகிவிடுவதில்லை. தன் வீட்டுச் சாமானையெல்லாம் மூட்டைகட்டி வரும் விருந்தாளிக்கு நம் வீட்டில் இடம் பண்ணுவது கடினம். வெறுங்கையோடு வந்தவனுக்கு எந்த மூலையும் போதும்.

இந்த இடத்தில் ஜப்பானை நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. 1898இல் நகோயா நகரில் பிறந்த ஷினிச்சி சுசூகியின் தந்தை மசாகிச்சி, ஷாமிசென் என்ற தம் நாட்டுத் தந்தி வாத்தியம் செய்யும் குடும்பத்தவர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர் வயலின் செய்யத் தொடங்கி, பெரிய தொழிற்சாலையே நடத்தினார். வயலின்களுக்கு நடுவே வளர்ந்த மகனுக்கு அது வெறும் மரப்பெட்டியாகத்தான் தெரிந்தது. பதினேழு வயதுப் பருவத்தில் வயலின் வித்வான் மிஷா எல்மன் வாசித்த இசைத்தட்டு ஒன்றைக் கேட்ட பிறகுதான் அதற்குள் குரல் இருப்பது தெரிந்ததாம். தாமே பழகி, 1921இல் ஜெர்மனிக்குப் போய், கார்ல் கிளிங்லரிடம் பல ஆண்டுகள் பயின்று, ஜெர்மானியப் பெண்ணையே மணந்து திரும்பினார். போர் முடிந்த கையோடு, வறுமையும் சிதைவும் சூழ்ந்த காலத்தில், மட்சுமோட்டோ நகரில் குழந்தைகளுக்கு வயலின் கற்பிக்கத் தொடங்கினார். எந்தக் குழந்தையும் தாய்மொழியைத் தப்பாமல் பேசக் கற்றுக்கொள்கிறதே, அதே வழியில் இசையையும் கற்பிக்கலாம், முதலில் கேட்கட்டும், திரும்பத் திரும்பக் கேட்கட்டும் என்பது அவர் கண்ட முறை. இன்று உலகம் முழுவதும் அவர் பெயரால் பிள்ளைகள் வயலின் பயில்கிறார்கள். 1998இல், நூறு வயதை எட்டுவதற்குச் சில மாதங்கள் இருக்கும்போது அவர் மறைந்தார்.

ஜப்பான் வயலினை அதன் இசையோடு ஏற்றது. பாக்கும் மொசார்ட்டும் அந்தக் குழந்தைகளின் தாய்மொழியாகவே ஆனார்கள். நாம் மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்கு நம் மொழியைச் சொல்லிக்கொடுத்தோம். இரண்டில் எது உயர்வு என்று வழக்காடுவது வீண். அதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் தத்தம் நாட்டுக்கே தீர்ப்பு எழுதுவார்கள். வேறுபட்ட இரண்டு வழிகளிலும் முதற்படி ஒன்றாகவே இருப்பதைத்தான் கவனிக்க வேண்டும். சுசூகியின் பிள்ளை வில்லைத் தொடுமுன் கேட்கிறது. நம் குருகுலத்தில் வயலின் மாணவன் முதலில் பாடுகிறான். வாயில் வராத சங்கதி கையில் வராது என்று ஆசிரியர்கள் கண்டிப்பாகச் சொல்வார்கள். எதையும் நம்முடையதாக்கிக்கொள்ள விரும்பினால், அது சொல்வதைச் சொல்லி முடிக்கும்வரை நாம் வாய் திறக்காமல் இருக்கப் பழக வேண்டியிருக்கிறது. கைப்பற்றுவதற்கும் கற்பதற்கும் நடுவே உள்ள கோடு இந்த மௌனத்தில்தான் ஓடுகிறது. கைப்பற்றுகிறவனுக்குப் பொருள் கிடைக்கிறது, ஆனால் கேட்கப் பொறுமையில்லாததால் அந்தப் பொருளுக்குள் இருந்த சாத்தியங்கள் கடைசிவரை அவனுக்குத் திறப்பதில்லை. கற்கிறவனுக்கோ, அதைச் செய்தவனே அறியாத அறைகள்கூடச் சில வேளை திறந்துவிடுகின்றன. வயலின் செய்த இத்தாலியக் கிரெமோனா நகரத்துத் தச்சர்கள் தங்கள் பலகைக்குள் நீலாம்பரி இருப்பதை எங்கே அறிந்தார்கள்?

வயலினுக்கு நாம் கொடுத்த வேலையையும் நினைக்க வேண்டும். பாட்டுக்குப் பின்னால் போவது அதன் முதல் உத்தியோகம். பாடகர் ராகத்தைத் தொடுகிறார். என்ன வரப் போகிறது என்று வயலின்காரருக்குத் தெரியாது. முன்னால் காகிதம் கிடையாது, ஒத்திகையும் பெரும்பாலும் நடந்திருக்காது. பாடகரின் உதட்டிலும் கழுத்திலும் கண்ணை வைத்துக்கொண்டு, அரை மூச்சு பின்னால், அவர் போன வழியிலேயே வில்லை நடத்துகிறார். பாடகர் ஒரு சுரத்தில் நீண்டு நின்றால் இவரும் நிற்பார். அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் அவர் விட்ட இழையை அறாமல் பிடித்துக்கொள்வார். குரல் சற்றுத் தளர்ந்தால் அது வெளியே தெரியாதபடி அடியில் தாங்குவார். பிறகு தம் முறை வரும்போது அதே ராகத்தைப் பாடகர் காட்டாத வேறொரு முகத்தோடு காட்டுவார், ஆனால் அதிகம் நீட்ட மாட்டார். மறுநாள் பத்திரிகையில் விமர்சகர் முக்கால் பத்தி பாடகரைப் பற்றி எழுதிவிட்டு, வயலின் அனுசரணையாக இருந்தது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். எத்தனை தலைமுறையாக அந்த ஒரே வார்த்தை! ஒருவரின் மனம் அடுத்த நொடி எங்கே திரும்பும் என்று அவர் திரும்புவதற்கு முன்பே உணர்ந்து, ஆனால் அவரை முந்திவிடாமல் நிற்பதை வேறு எப்படிச் சொல்வது என்று விமர்சகருக்கும் தெரியவில்லை போலும்.

முன்னால் போகிறவரின் பார்வையில் பாதை மட்டும் இருக்கும். பின்னால் வருகிறவரின் பார்வையில் பாதையும் இருக்கிறது, அதில் நடப்பவரும் இருக்கிறார். அவர் எங்கே தயங்கினார், எங்கே தவறிப் பிறகு சமாளித்தார், எந்தத் திருப்பத்தில் தமக்கே எதிர்பாராத அழகைக் கண்டு ஒரு கணம் திகைத்தார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தாய் குழந்தைக்குப் பின்னால் நடப்பதும், நல்ல மருத்துவர் நோயாளியின் பேச்சுக்குப் பின்னால் போவதும், மொழிபெயர்ப்பாளர் மூலத்துக்குப் பின்னால் வரிவரியாக நகர்வதும் இதே வகை அறிவைச் சேர்ந்தவை. தலைமை தாங்கும் அறிவுக்கு உலகம் மாலை போடுகிறது; தொடர்ந்து செல்லும் அறிவுக்குப் பெயர்கூட வைப்பதில்லை; இருந்தும் மனிதர் மனிதரைப் புரிந்துகொண்ட இடங்களையெல்லாம் எண்ணிப் பார்த்தால், அங்கே யாரோ ஒருவர் தம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மற்றவரின் நடைக்கு ஒத்து நடந்திருப்பது தெரிய வரும்.

இதைச் சொல்லும்போதே மனத்தில் ஒரு உறுத்தலும் எழ வேண்டும். பின்னால் போவதன் பெருமையைப் பாடுவது, பின்னால் நிறுத்தப்பட்டவர்களை அங்கேயே நிறுத்தி வைக்கவும் வசதியான பாட்டு. பக்கவாத்தியக்காரருக்குச் சன்மானம் குறைவு. பெண் வயலின் வாசித்தால் தாம் பாட மாட்டோம் என்ற ஆண் வித்வான்கள் இருந்திருக்கிறார்கள். திறமை வாய்ந்த எத்தனையோ பெண்கள் அந்தக் காரணத்துக்காகவே மேடையின் ஓரத்தில்கூட இடமின்றி இருந்தார்கள். வீட்டிலும் ஊரிலும் அனுசரித்துப் போ என்ற சொல் யார் யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்று நமக்குத் தெரியாததா? ஆகவே பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. முன்னால் போக வல்லவர் விரும்பிப் பின்னால் வந்தால் அது கலை. வேறு வழி அடைக்கப்பட்டதால் பின்னால் வந்தால் அது கொடுமை. அதற்கு அழகான பெயர் சூட்டுவது இரண்டாவது கொடுமை.

வயலின் வித்வான்கள் முன்னால் போக வல்லவர்கள் என்பதில் ஐயமில்லை. மைக் வராத காலத்தில் மண்டபத்தின் கடைசி வரிசைவரை கேட்க வேண்டுமென்று மைசூர் சௌடய்யா தந்திகளை ஏழாக்கிக்கொண்டார். துவாரம் வேங்கடஸ்வாமி நாயுடு 1938இல் வேலூரில் தனிக் கச்சேரி செய்து, யாருக்கும் பின்னால் போகாமலே இரண்டு மூன்று மணி நேரம் சபையைக் கட்டிப்போட முடியும் என்று காட்டினார். லால்குடி ஜெயராமன் வாசித்தால் தந்தி பாடுகிறது என்பார்கள். 1965இல் எடின்பரோ விழாவில் அவரைக் கேட்ட மேற்கத்திய வயலின் மேதை யெஹூதி மெனுஹின் தம் இத்தாலிய வயலினையே அவருக்குப் பரிசளித்தார். சுற்றிவந்து அந்த மரம் ஐரோப்பியர் கையிலிருந்தே மறுபடி தமிழர் கைக்கு வந்தது. இம்முறை பாடம் சொல்லிக்கொடுக்க அல்ல. இவ்வளவு வல்லமை படைத்தவர்கள் மறுவாரம் இன்னொருவர் பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அரை மூச்சு பின்னால் வாசிக்கவும் போனார்கள். அரியக்குடியும் செம்மங்குடியும் ஜி.என்.பி.யும் பாடிய பாட்டில் நாம் வியக்கும் பாதி, பக்கத்தில் தமக்கு நிகரானவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற உணர்விலிருந்து பிறந்தது என்று எனக்கு எப்போதும் தோன்றும். சாமர்த்தியமாகக் கேட்பவர் முன்னால் பேச்சு தானே திருந்துகிறது.

பாலுஸ்வாமியின் வாழ்க்கைக்குத் திரும்புவோம். அவர் நடு அண்ணன் சின்னஸ்வாமியோடு சேர்ந்து கச்சேரி செய்துகொண்டு ஊர் ஊராகப் போனார். மதுரைக்கு வந்தபோது சின்னஸ்வாமி அங்கேயே இறந்துபோனார். பாடும் குரல் நின்றுவிட்டது; பின்னால் போகப் பழகிய வயலின் மட்டும் மிஞ்சியது. யாருடைய அடிச்சுவட்டைப் பார்த்தே நடந்தோமோ அவர் இல்லாமற்போகும் நாள் நம் எல்லோர் வாழ்விலும் வருகிறது. அன்றைக்குத்தான் நாம் கற்றது அவருடைய நடையையா, நடப்பதையேவா என்பது நமக்கே தெரிகிறது. பாலுஸ்வாமி தெற்கே நடந்தார். 1824 வாக்கில் எட்டயபுரம் ஜமீனின் ஆஸ்தான வித்வான் ஆனார்.

அந்த எட்டயபுரம் எங்கள் ஊரான மகாராஜபுரத்திலிருந்து எட்டிவிடும் தூரம்தான். மகாராஜபுரம் என்றதும் சங்கீத ரசிகர்களுக்குத் தஞ்சைச் சீமை ஊரும், விசுவநாத ஐயரும் சந்தானமும் நினைவுக்கு வருவார்கள். வத்திராயிருப்பை அடுத்து, சதுரகிரி அடிவாரத்தில் இருக்கும் எங்கள் மகாராஜபுரத்துக்கு அந்தப் புகழில் பங்கு கிடையாது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தாணிப்பாறை வழியாக மலையேறுகிறவர்கள் கடந்து போகும் ஊர், அவ்வளவுதான். ஆனால் இங்கிருந்து தென்கிழக்கே ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, சாத்தூர் என்று தென்னையும் நெல்லும் குறைந்து கரிசல் விரிய விரியப் போனால், கோவில்பட்டிக்கு அப்பால் எட்டயபுரம் வந்துவிடும். காலையில் புறப்பட்டால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். காவிரிச் சீமையில் பிறந்து, சென்னைப் பக்கம் பயின்றவரின் வயலின், தன் ஆயுளில் பெரும்பகுதியை எங்கள் வானம் பார்த்த பூமியின் விளிம்பில்தான் கழித்திருக்கிறது. சங்கீதமென்றால் காவிரிதான் என்று சொல்லிச் சொல்லி நமக்கே மறந்துபோன செய்தி இது.

அங்கே தம்பிக்குத் திருமணம் என்று கேள்விப்பட்டு மூத்த அண்ணன் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து புறப்பட்டு வந்தார் என்று பரம்பரையில் சொல்வார்கள். வழியில் காய்ந்து வெடித்த நிலத்தைக் கண்டு மனமிரங்கி அமிர்தவர்ஷினியில் பாட, மழை கொட்டியது என்ற கதையும் கரிசலில்தான் நடக்கிறது. மழை வந்ததோ இல்லையோ, வாழ்நாளெல்லாம் காசிமுதல் எத்தனையோ தலங்களுக்கு யாத்திரை போனவர், கடைசி நடையைத் தம்பி இருக்கும் ஊரை நோக்கி நடந்தார் என்பதே என்னை நிறுத்தி வைக்கிறது. எப்போதும் பின்னால் வந்தவர் ஒருநாள் முன்னால் போய் ஓரிடத்தில் வேரூன்றியிருக்கிறார். முன்னால் நடந்தே பழகியவர் இப்போது அவர் சுவட்டைப் பார்த்து வருகிறார். மேடையில் பாடகர் கண்ணசைத்து, நீங்கள் வாசியுங்கள் என்று ராகத்தை விட்டுக்கொடுத்துவிட்டுக் கேட்க உட்காரும் தருணம் ஒன்று உண்டல்லவா? அதுவரை நடந்தது ஆட்சியா உறவா என்பதை அந்தத் தருணம்தான் தீர்மானிக்கிறது. ஏனென்றால் பின்தொடர்தல் ஒருவருக்கே விதிக்கப்பட்டால் அது ஊழியமாகவே நின்றுபோகிறது, முறை மாறி மாறி இருவரும் ஏற்கும்போதுதான் அதற்குள் அன்பு குடிவருகிறது. 1835 தீபாவளி நாளில் முத்துஸ்வாமி தீட்சிதர் எட்டயபுரத்தில் காலமானார். அவர் நினைவிடம் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

பாலுஸ்வாமிக்கு நினைவிடம் என்று யாரும் தேடிப் போவதில்லை. அதைக் குறையாகச் சொல்லத் தோன்றவில்லை. அவர் விட்டுச் சென்றது வேறு விதமாக நிற்கிறது. தம் மகள் வயிற்றில் 1839இல் பிறந்த பேரனை அவர் மகனாகத் தத்து எடுத்து, எட்டயபுரத்துக்கு அழைத்துவந்து, வீணையும் பாட்டும் வழிவழி வந்த உருப்படிகளும் சொல்லிக்கொடுத்தார். அண்ணன் பாடக் கேட்டதெல்லாம் தம்பியின் நினைவில் இருந்தது. தம்பியின் நினைவிலிருந்து பேரனின் கைக்கு, ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போவதுபோலப் போனது. 1858இல் பாலுஸ்வாமி மறைந்தார். அந்தப் பேரன்தான் சுப்பராம தீட்சிதர். அவர் அறுபது வயதைக் கடந்தபின், எட்டயபுரம் அரண்மனை ஆதரவில், அதே ஊர் அச்சகத்தில், 1904இல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற பெருநூல் வெளிவந்தது. தெலுங்கு எழுத்தில் 1,700 பக்கத்துக்கு மேல். முத்துஸ்வாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் மட்டும் 200க்கு மேல், கமகக் குறிகளோடு. எந்தச் சுரம் எப்படி அசைய வேண்டும், எங்கே வழுக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்றெல்லாம் அடையாளம் இட்டு எழுதியிருக்கிறார். பாலுஸ்வாமி வயலின் கற்ற செய்தியும் அந்த நூலில்தான் நமக்குக் கிடைக்கிறது. 1906இல் சுப்பராம தீட்சிதர் இறந்தபோது அதே எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் இரங்கற்பா எழுதினார்.

இன்று சென்னையிலும் சிங்கப்பூரிலும் தீட்சிதர் கீர்த்தனை பாடுகிறவர்கள் பாடபேதம் என்று வந்துவிட்டால் அந்த நூலைத்தான் புரட்டுகிறார்கள். பாடுகிறவருக்குப் பக்கத்தில் வழக்கம்போல வயலின் இருக்கும். கீர்த்தனை அண்ணனுடையது, பக்கத்தில் ஒலிப்பது தம்பி பழகிவைத்தது, சரிபார்க்கும் புத்தகம் தம்பி வளர்த்த பிள்ளையுடையது. அந்த முதல் கரகரப்புக்கு நாணிப் பாலுஸ்வாமி வில்லைக் கீழே வைத்திருந்தால், அல்லது மதுரையில் அண்ணனை இழந்தபின் தெற்கே நடக்காமல் திரும்பியிருந்தால், இவற்றில் எத்தனை நம்மிடம் வந்து சேர்ந்திருக்கும் என்று யாரால் கணக்குச் சொல்ல முடியும்?